இல்சாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டுக்குத் திறந்த மடல்

அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் பட்டியல் குழுவினருக்கும், அந்தப் பட்டியல்களுக்கு வாக்களிக்கும் திரைத்துறையினருக்கும்,

வணக்கம்.

2002 ஜூன் மாதம் நீங்கள் வெளியிட்ட நூறு காதல் படங்களின் பட்டியலில் ‘காஸாபிளாங்கா’ முதலிடத்தில் இருக்கிறது. அடுத்து ‘கான் வித் த விண்ட்’, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’, ‘ரோமன் ஹாலிடே’. இருபது ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த வரிசை பேச்சில் அப்படியே நிற்கிறது. பழைய ஹாலிவுட் படங்களுக்குள் புதிதாக வருகிறவர்கள், எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் சேர்த்துத்தான், எங்கே தொடங்கலாம் என்று தேடினால் முதலில் கையில் அகப்படுவது உங்கள் பட்டியல். காதல் என்றால் இதுதான் உச்சம் என்று நம்பிக்கொண்டு அவர்கள் அந்தப் படத்தின் முன்னால் உட்காருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறோம்.

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: இரண்டாம் உலகப்போரின்போது மொராக்கோவின் காஸாபிளாங்காவில் இரவு விடுதி நடத்தும் அமெரிக்கன் ரிக் (ஹம்ப்ரி போகார்ட்), பாரிஸில் அவன் காதலித்த இல்சா (இங்கிரிட் பெர்க்மன்), நாஜிகளை எதிர்த்துப் போராடும் அவள் கணவர் லாஸ்லோ, இந்த மூவரின் கதை அது. படத்தைக் குறைத்துப் பேச வரவில்லை. 102 நிமிடத்தில் வீணான காட்சி என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். 1944 மார்ச்சில் சிறந்த படம், சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர் வாங்கியது. 1989இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேடு தொடங்கியபோது முதலில் சேர்க்கப்பட்ட 25 படங்களில் அதுவும் ஒன்று. இந்தப் பெருமை எல்லாம் அதற்குத் தகும். காதல் படங்களுக்குத் தலைமை என்ற பட்டம் மட்டும் தகாது என்பதே எங்கள் வாதம். காட்சி காட்சியாகக் காட்டுகிறோம்.

முதலில் உங்கள் அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலுக்கு நீங்கள் வைத்த விதியின் சாரம் இது: படம் எந்த வகையாக இருந்தாலும் சரி, அதில் வரும் காதல் பிணைப்பும், அந்தப் பிணைப்பில் இருப்பவர்களின் செயலும் நோக்கமும் கதையின் இதயமாக இருக்க வேண்டும். நல்ல விதி. ஒருவருடைய செயல் மட்டும் போதாது. பிணைப்பில் இருக்கிற இருவருடைய செயலும் கதையை நகர்த்த வேண்டும். இந்த விதியை இல்சாவின் பக்கம் வைத்துப் பார்த்தால் என்ன கிடைக்கிறது?

2005இல் நீங்கள் வெளியிட்ட நூறு வசனங்களின் பட்டியலே ஒரு சாட்சி. அதில் வேறு எந்தப் படத்துக்கும் கிடைக்காத அளவுக்கு இந்தப் படத்திலிருந்து ஆறு வசனங்கள் இருக்கின்றன. ஆறில் நான்கு ரிக் பேசுவது. ஒன்று காவல் அதிகாரி ரெனோ பேசுவது. இல்சாவுக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் ரிக்கின் விடுதியில் பியானோ வாசிக்கும் சாமிடம் பழைய பாட்டை வாசிக்கச் சொல்லும் வேண்டுகோள். உலகம் நினைவில் வைத்திருக்கும் காதலியின் வாயிலிருந்து காதலைப் பற்றி ஒரு வரிகூட அந்தப் பட்டியலில் ஏறவில்லை. இதை வாக்களித்தவர்களின் குறையாக நாங்கள் பார்க்கவில்லை. படத்தில் அப்படிப்பட்ட வரிகள் அவளுக்குக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

இல்சா கதைக்குள் வருவதற்குள் படம் கால்பங்கு ஓடிவிடுகிறது. அதன்பிறகு அவள் செய்வதைக் குறித்துக்கொண்டே பாருங்கள். பாட்டு கேட்கிறாள். கடை மூடியபிறகு நள்ளிரவில் ரிக்கைத் தேடி வந்து நடந்ததைச் சொல்ல முயல்கிறாள். குடித்திருக்கிற அவன் கேட்கத் தயாராக இல்லை, அவமானப்படுத்தி அனுப்புகிறான். மறுநாள் சந்தையில் அவன் மன்னிப்புக் கேட்கும்போது, பாரிஸில் நாம் பழகியபோதே லாஸ்லோ என் கணவர் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். இந்தச் சந்தைக் காட்சி கவனித்துப் பார்க்க வேண்டியது. ஜரிகைத் துணி விற்பவர் 700 பிராங்க் என்கிறார். ரிக் வந்து நின்றதும், ரிக்கின் நண்பர் என்பதால் 200 ஆகிறது. இன்னும் நெருங்கிய நண்பர் என்றதும் 100 ஆகிறது. அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் விலை வைப்பவன் ரிக். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு துணி வேண்டாம் என்கிறாள் இல்சா, அவன் அழைப்புக்கும் மறுப்புச் சொல்கிறாள். படத்தில் அவள் சொந்தமாகச் சொல்லும் மறுப்பு இதுதான்.

பிறகு கைத்துப்பாக்கியோடு அவன் அறைக்கு வருகிறாள். சுடமுடியாமல் உடைந்து அழுகிறாள். அந்த அழுகைக்குப் பிறகுதான் முழுக்கதையும் வெளியே வருகிறது: ஆஸ்லோவிலிருந்து பாரிஸுக்கு வந்த இளம்பெண், லாஸ்லோவை மணந்தது, அவர் பாதுகாப்புக்காகத் திருமணத்தை நண்பர்களிடம்கூட மறைத்தது, முகாமில் அவர் இறந்ததாகச் செய்தி வந்தது, ரிக்கோடு பாரிஸை விட்டு ரயிலேறும் தறுவாயில் அவர் உயிரோடு, நோயோடு, நகருக்கு வெளியே ஒரு சரக்கு ரயில்பெட்டியில் ஒளிந்திருப்பது தெரிந்தது. ரிக்கிடம் சொன்னால் அவன் பாரிஸை விட்டுப் போகமாட்டான், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் சிக்குவான் என்பதால் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய முடிவை அந்தப் படத்தில் வேறு யாரும் எடுக்கவில்லை! ஆனால் அந்த முடிவை எடுக்கும் இல்சாவைத் திரை காட்டவே இல்லை. ரயில் நிலையத்தில் மழையில் நிற்கும் ரிக்கையும், அவன் கையிலிருக்கும் கடிதத்தின் மை கரைந்து வழிவதையும்தான் காட்டுகிறது. அவள் எடுத்த முடிவின் வலியைக்கூட அவன் முகத்தில்தான் பார்க்கிறோம்.

அந்தத் துப்பாக்கிக் காட்சியின் கடைசியில் அவள் சொல்வது: எது சரி என்று எனக்கு இனித் தெரியவில்லை, நம் இருவருக்காகவும் நீதான் யோசிக்க வேண்டும். அவன் சரி என்கிறான். அதற்கப்புறம் ஏறக்குறைய இருபது நிமிடப் படம் இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் இல்சா எதையும் தீர்மானிப்பதில்லை.

கதையின் அச்சாணியே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. காஸாபிளாங்காவை விட்டு வெளியேற உதவும் பயண அனுமதிக் கடிதங்கள் இரண்டு. எவராலும் ரத்துசெய்ய முடியாதவை, கேள்விகூடக் கேட்க முடியாதவை என்று படம் சொல்கிறது. அப்படி ஒரு தாள் நிஜத்தில் கிடையாது, நாடகத்துக்காகக் கற்பித்தது. அதை நாங்கள் பெரிய பிழையாகச் சொல்லவில்லை, கதைக்கு ஒரு சாவி தேவை. ஆனால் அந்தச் சாவியின் அமைப்பைப் பாருங்கள். பெயர் எழுதாத தாள்கள். யார் கையில் இருக்கிறதோ அவர் நிரப்பிக்கொள்ளலாம். ரிக் அவற்றைச் சாமின் பியானோவுக்குள் ஒளித்துவைக்கிறான். லாஸ்லோ ஒரு லட்சம் பிராங்க் தருவதாகச் சொல்லிக் கேட்டும் கொடுக்க மறுக்கிறான். காரணம் வேண்டுமானால் உங்கள் மனைவியைக் கேளுங்கள் என்கிறான். பிறகு அதே லாஸ்லோ ரிக்கிடம் வந்து, கடிதங்களை எனக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, அவற்றை வைத்து இல்சாவையாவது இங்கிருந்து அழைத்துப் போய்விடுங்கள் என்று கேட்கிறான். இருவருமே அவளை நேசிக்கிறார்கள், சந்தேகமில்லை. இருவரும் அவள் இல்லாத அறையில் அவளை எங்கே அனுப்புவது என்று பேசுகிறார்கள்.

விமான நிலையத்தில் என்ன நடக்கிறது என்று நிதானமாகப் பார்ப்போம். ரிக் கடிதங்களை ரெனோவிடம் நீட்டி, பெயர்களை நீங்களே எழுதுங்கள், இன்னும் அதிகாரபூர்வமாக இருக்கும் என்கிறான். எழுத வேண்டிய பெயர்கள் திரு, திருமதி விக்டர் லாஸ்லோ. இல்சாவுக்கு அந்த நொடியில்தான் விஷயம் தெரிகிறது. என் பெயர் எதற்கு என்று திகைத்துக் கேட்கிறாள். ரிக் விளக்குகிறான், அவள் இரண்டு மூன்று வார்த்தை மறுக்கப் பார்க்கிறாள், அவன் பேச்சு அதை மூடிவிடுகிறது. அடுத்து லாஸ்லோ வந்ததும், நேற்றிரவு இவள் கடிதத்துக்காக என்னை இன்னும் காதலிப்பதாக நடித்தாள், நானும் நடிக்க விட்டேன் என்று ரிக் சொல்கிறான். கணவன் மனைவி உறவு கெடக்கூடாது என்பதற்காகச் சொல்லும் பொய் அது. ஆனாலும் அவள் அங்கேயே, இரண்டு ஆண்களுக்கு நடுவில், வாய் திறக்காமல் நின்றுகொண்டு தன் காதல் நடிப்பாகச் சொல்லப்படுவதைக் கேட்கிறாள். விமானத்தின் விசிறிகள் சுழல்கின்றன. தயாரா என்று லாஸ்லோ கேட்க, தயார் என்கிறாள். ரிக்கிடம் விடைபெற்று, கடவுள் காக்கட்டும் என்று சொல்லிப் போகிறாள். அவ்வளவுதான்.

எங்கள் மொழியின் பழைய அகப்பாடல்களில் பிரிவு பெரும்பாலும் தலைவியின் வாய்மொழியாக வரும். பொருள் தேடியோ போருக்கோ போனவனைப் பற்றி அவள்தான் பேசுவாள். கோபிப்பாள், காத்திருப்பேன் என்பாள், பொய்த்தான் என்பாள். பிரிவை அவள் நெஞ்சு வழியாகத்தான் நாம் அறிவோம். அந்தக் காதோடு இந்த விமான நிலையக் காட்சியைக் கேட்டால், தலைவி கூற்று ஒன்று விடுபட்டிருப்பது உடனே உறைக்கிறது.

ஏன் இப்படி ஆயிற்று? ‘முடிவு என்னவென்று கடைசிவரை யாருக்கும் தெரியாது’ என்ற கதை உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அதில் பாதிதான் உண்மை. 1942 மே 25 முதல் ஆகஸ்ட் 3 வரை நடந்த படப்பிடிப்பில் எழுத்து பின்தங்கியே வந்தது; எப்ஸ்டீன் சகோதரர்கள், ஹோவர்ட் காக், திரையில் பெயர் வராத கேசி ராபின்சன் என்று பலர் கை வைத்தார்கள். யாரைக் காதலிக்கிறேன் என்று கேட்டதற்கு இரண்டுக்கும் நடுவில் நடி என்ற பதில்தான் கிடைத்தது என்று இங்கிரிட் பெர்க்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனால் முடிவு திறந்தே இருந்தது என்பது சரியில்லை. மேடையேறாத மூல நாடகத்திலேயே ரிக் அந்தப் பெண்ணை லாஸ்லோவுடன் அனுப்பிவிடுகிறான்; அதை 20,000 டாலருக்கு வார்னர் பிரதர்ஸ் வாங்கியிருந்தது. அதற்கு மேல், ஹாலிவுட் படங்களில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று வரையறுத்து 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு நெறிமுறை. மணமான பெண் கணவனை விட்டுக் காதலனோடு போவதையும், அதைப் படம் ஆதரிப்பதையும், நெறிமுறையை அமல்படுத்திய ஜோசப் பிரீனின் அலுவலகம் அனுமதித்திருக்காது. ஆக, போகும் திசை முன்பே முடிவானது. எப்படிப் போகிறாள் என்பதுதான் எழுத்தாளர்கள் கையில் இருந்தது. அவளாகவே தேர்ந்தெடுத்துப் போனாலும் நெறிமுறைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அதை எழுதாமல் விட்டதற்கு பிரீனைக் குற்றம் சொல்ல முடியாது.

நெறிமுறை தொட்ட இடம் வேறு. ரெனோ விசாவுக்கு விலையாகப் பெண்களைக் கேட்பதும், ரிக்கின் அறையில் அந்த இரவு என்ன நடந்தது என்பதும். அறைக் காட்சியில் இருவரும் தழுவிக்கொண்டதும் படம் விமான நிலையத்தின் விளக்குக் கோபுரத்துக்குக் கரைந்து போய், சில நொடியில் ஜன்னலோரம் புகைக்கும் ரிக்கிடம் திரும்பி வருகிறது. நடந்தது என்றும் கொள்ளலாம், நடக்கவில்லை என்றும் கொள்ளலாம். தணிக்கைக்கு அது வசதி. காதல் கதைக்கு அது இழப்பு, ஏனென்றால் இல்சா தன் முடிவை ஒப்படைத்தது எந்த நெருக்கத்துக்குப் பிறகு என்பதே நமக்குத் தெரியாமல் போகிறது.

அப்படியானால் எண்பது ஆண்டுகளாகப் பார்க்கிறவர்கள் ஏன் உருகுகிறார்கள்? உருக்கம் பொய்யில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடெசன் பெர்க்மனை முடிந்தவரை இடப்பக்கமிருந்தே எடுத்தார். லென்ஸுக்கு முன்னால் மெல்லிய வலைத்துணி; முகம் பூப்போலத் தெரியும். கண்மணியில் ஒரு புள்ளி மின்ன வேண்டும் என்பதற்காகச் சின்ன விளக்குகள் தனியாக. நீர் திரண்ட கண் போலவே எப்போதும் இருக்கும். எந்தப் பக்கமும் சாயாமல் நடிக்கச் சொன்ன நடிப்பும் இந்த வெளிச்சமும் சேரும்போது, பார்க்கிறவர் தம் மனதில் இருப்பதை அந்த முகத்தில் எழுதிக்கொள்கிறார். அதோடு பாட்டு. ‘ஆஸ் டைம் கோஸ் பை’ இந்தப் படத்துக்காக எழுதியதில்லை. 1931இல் ஹெர்மன் ஹப்ஃபெல்ட் ஒரு மேடை நாடகத்துக்கு எழுதியது. இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டெய்னருக்கு அதை மாற்ற ஆசை. அடுத்த படத்துக்காகப் பெர்க்மன் முடியை வெட்டிவிட்டதால் மறுபடி எடுக்க முடியவில்லை. அதனால் தங்கிய பாட்டை ஸ்டெய்னர் படம் முழுக்க இழையோடவிட்டார்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பாரிஸ் நினைவுக் காட்சிகளை ஒலியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். கார், பின்னால் ஓடும் திரையில் வெற்றி வளைவு, அப்படியே கிராமப்புறமாக மாறிவிடும். படகு. ஷாம்பெய்ன். நடனம். மறுபடி ஷாம்பெய்ன். இப்போது ஒலியைப் போட்டு, இசையை விட்டுப் பேச்சை மட்டும் கவனியுங்கள். கேள்வி எதுவும் கேட்பதில்லை என்று இருவரும் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் என்ன செய்துகொண்டிருந்தாய் என்றால், அவள் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தேன் என்கிறாள், அவன் வேலை தேடிக்கொண்டிருந்தேன் என்கிறான். ஒருவரைப் பற்றி ஒருவர் தெரிந்துகொண்டதாகப் படம் நமக்குக் காட்டுவது அந்த அளவுதான். இதை மாபெரும் காதலாக நம்பவைப்பது இசையும் வெளிச்சமும் ஜெர்மன் பீரங்கிச் சத்தமும். நம்பவைத்தது பெரும் கைத்திறன், அதைக் கொண்டாடுவோம். ஆனால் கைத்திறனுக்கான பரிசும் காதல் கதைக்கான பரிசும் ஒன்றல்ல.

உண்மையில் அந்தப் படத்தில் ஒரு காதல் கதை இருக்கிறது. அது சில நிமிடமே வருகிறது. பல்கேரியாவிலிருந்து வந்த அனினா என்ற இளம் மனைவி, ரிக்கின் மேசைக்கு வந்து ஒரு கேள்வி கேட்கிறாள். தான் உயிராக நேசிக்கும் ஒருவனுடைய மகிழ்ச்சிக்காக ஒரு பெண் தவறான காரியம் ஒன்றைச் செய்து, அதை அவனிடமிருந்து மறைத்துவிட்டால், அவளை மன்னிக்க முடியுமா? ரெனோ கேட்கும் விலையைத்தான் சொல்கிறாள். அவள் அறியாமலே அது பாரிஸில் இல்சா எடுத்த முடிவுக்கும் பொருந்துகிறது. என்னை யாரும் அப்படி நேசித்ததில்லை என்று ரிக் கசப்போடு சொல்கிறான். நேசித்திருக்கிறாள், அவனுக்குத்தான் தெரியவில்லை. பிறகு அவன் எழுந்து சூதாட்ட மேசைக்குப் போய், அவள் கணவன் யானிடம் 22இல் வை என்கிறான். பந்து 22இல் விழுகிறது. எடுக்காதே, அப்படியே விடு என்கிறான். மறுபடி 22. எடுத்துக்கொண்டு போ, திரும்பி வராதே. அனினாவாக நடித்த ஜாய் பேஜ் முகத்தைத் தூக்கிக் கேட்கும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிற தீர்மானமும் பயமும் இல்சாவுக்கு எழுதப்பட்டிருந்தால் நாங்கள் இந்த மடலை எழுதியிருக்க மாட்டோம்.

சாமைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இல்சா ரெனோவிடம் கேட்கிறாள்: பியானோ வாசிக்கிற அந்தப் பையன் யார்? பெர்க்மனுக்கு அப்போது 26 வயது. சாமாக நடித்த டூலி வில்சனுக்கு 56. அப்பா வயதுள்ள மனிதரைப் பையன் என்பதில் இல்சாவுக்கும் படத்துக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அந்தச் சாம்தான் குடித்துக் கிடக்கும் ரிக்கை விட்டு நகர மறுக்கிறார்; இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போய்விடுவோம், மீன் பிடிப்போம் என்று கெஞ்சுகிறார்; அவனை விட்டுவிடுங்கள் என்று இல்சாவிடம் சொல்கிறார். யாரும் காதல் என்று எண்ணாத அந்த அன்புதான் படத்தில் ஓர் இடத்திலும் கணக்குப் பார்க்காதது. மனிதர்களை வாங்குவதும் விற்பதும் என் தொழில் இல்லை என்று போட்டி விடுதிக்காரர் ஃபெராரியிடம் சொன்ன ரிக், கடைசியில் அவருக்கே விற்கும் கடையோடு சாமின் வேலையையும் சேர்த்தே பேசி முடிக்கிறான். லாபத்தில் சாமுக்கு 25 சதவீதம் என்கிறான். பத்துதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் 25க்குத் தகுந்தவர்தான் என்று ஃபெராரி ஒப்புக்கொள்கிறார். அதன்பிறகு சாமிடம் விடைபெறும் காட்சிகூட இல்லை. விமான நிலையத்தில் பிறக்கும் அழகான நட்பு ரெனோவுக்குக் கிடைக்கிறது. ‘இது ஓர் அழகான நட்பின் தொடக்கம் என்று நினைக்கிறேன்’ என்று ரிக் அவனிடம் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற கடைசி வரியைத் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, படப்பிடிப்பு முடிந்தபின் போகார்ட்டை வரவழைத்துக் குரல் மட்டும் பதிவுசெய்தார்கள்.

1942இல் பெண்ணுக்கு அதற்கு மேல் எழுத முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. ‘த ஃபிலடெல்பியா ஸ்டோரி’ 1940. மூன்று ஆண்களில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்பதைக் கல்யாண நாளன்று டிரேசி தானே சொல்கிறாள். ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ அதே 1940. கடையில் சண்டை போட்டுக்கொண்டே கடிதத்தில் காதலிக்கும் இருவரும் சரிசமமாகத் தவறு செய்கிறார்கள். கடைசியில் கிளாரா, கால் வளைந்திருக்கிறதா பார்க்க வேண்டும், கால்சட்டையைத் தூக்கிக் காட்டு என்கிறாள். ‘த லேடி ஈவ்’ 1941. கதையை ஓட்டுவதே நாயகிதான். இந்த மூன்றும் அதே பிரீன் அலுவலகத்தைத் தாண்டி வந்தவை. பத்தாம் இடத்தில் நீங்கள் வைத்திருக்கும் ‘சிட்டி லைட்ஸ்’ பேச்சே இல்லாத படம். பார்வை பெற்ற பூக்காரி, தனக்கு உதவிய நாடோடியின் கையைத் தொட்டு, விரலால் அடையாளம் கண்டு, நிமிர்ந்து பார்க்கிறாள். அடுத்து என்ன என்பது அவள் முகத்தில் இருக்கிறது. பத்துக்கும் ஒன்றுக்கும் இடத்தை மாற்றினால்கூட எங்களுக்கு மகிழ்ச்சிதான்.

உலகமே எரியும்போது மூன்று பேருடைய சொந்தப் பிரச்சினை பெரிதில்லை என்ற ரிக்கின் வாதம்தானே படத்தின் உயரம் என்று நீங்கள் கேட்கலாம். ஒப்புக்கொள்கிறோம். அதனாலேயே சொல்கிறோம், அது போர்க்காலப் படம். தன் காதலைத் துறக்க ரிக்குக்கு உரிமை இருக்கிறது. இல்சாவின் காதலையும் சேர்த்துத் துறக்க அவனுக்கு உரிமை தந்தது அவள் அழுதுகொண்டே சொன்ன ஒரு வரி. தியாகம் அவளுடையதாகவும் இருக்க வேண்டுமென்றால், விமானத்தடியில் அவளுக்கு ஒரு வாக்கியம் போதும்: நான் போகிறேன், நானே முடிவு செய்தேன்.

படத்தின் நிஜமான இதயம் எங்கே துடிக்கிறது என்று கேட்டால், மூன்றில் இரண்டு பங்கு கடந்தபின் வரும் அந்தப் பாட்டுப் போட்டியைக் காட்டுவோம். ஜெர்மன் அதிகாரிகள் சாமின் பியானோவைச் சூழ்ந்துகொண்டு ‘டி வாக்ட் ஆம் ரைன்’ என்ற ஜெர்மன் தேசபக்திப் பாட்டைப் பாடுகிறார்கள். லாஸ்லோ படியிறங்கி நேராக இசைக்குழுவிடம் போய், பிரான்ஸின் தேசிய கீதமான ‘மார்செய்யேஸ்’ வாசிக்கச் சொல்கிறான். குழுத்தலைவர் ரிக்கைப் பார்க்கிறார். ரிக் தலையை லேசாக அசைக்கிறான். இரண்டு பாட்டும் கொஞ்சநேரம் ஒன்றின்மேல் ஒன்று மோதும்படி ஸ்டெய்னர் அமைத்திருக்கிறார். பிறகு ஜெர்மன் பாட்டு அமிழ்ந்துவிடுகிறது. ஜெர்மன்காரனோடு கைகோத்து வந்த, ரிக்கின் பழைய சிநேகிதி யுவோன் கண்ணீரோடு பாடுகிறாள். மேசையில் தனியாக இருக்கும் இல்சா முதலில் பயந்து, பிறகு லாஸ்லோவைப் பார்க்கிறாள். அந்தப் பார்வை நடுவில் நிற்கவில்லை. அவள் ஏன் அவனோடு இருக்கிறாள் என்பதற்குப் படம் தரும் ஒரே தெளிவான விடை அந்தச் சில நொடி முகம்தான்.

அந்தக் கண்ணீர் நடிப்பு மட்டுமில்லை. திரையில் பெயர் வரும் 14 நடிகர்களில் அமெரிக்காவில் பிறந்தவர்கள் போகார்ட், டூலி வில்சன், ஜாய் பேஜ் மூவர்தான். நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட், யூத மனைவியோடு ஜெர்மனியை விட்டு வந்தவர். யானாக நடித்த ஹெல்முட் டான்டைன் ஆஸ்திரியாவில் நாஜிகளின் முகாமில் அடைபட்டிருந்தவர். யுவோனாக நடித்த மடலீன் லபோவும் அவர் கணவர் மார்செல் டாலியோவும் 1940 ஜூனில் ஜெர்மானியர் வருவதற்குச் சற்று முன் பாரிஸிலிருந்து ஓடி லிஸ்பன் போய், சிலி விசாவோடு கப்பலேறி, மெக்சிகோவில் அந்த விசா போலி என்று தெரிந்து தவித்து, கனடாவின் தற்காலிகப் பாஸ்போர்ட்டில் அமெரிக்கா சேர்ந்தவர்கள். கதையில் வரும் கடிதம் கற்பனை. அந்தத் தாளுக்கான தவிப்பு அவர்கள் உடம்பில் இருந்தது.

அங்கேயும் ஒரு குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. பாட்டின் வழியே விடுதலை கேட்கும் அந்த விடுதி இருப்பது 1912 முதல் பிரான்ஸின் ஆளுகையில் இருந்த மொராக்கோவில். அந்த மண்ணின் மக்கள் வாயிற்காவலராகவும் சந்தை வியாபாரியாகவும் மட்டுமே வருகிறார்கள். படம் பொதுத்திரைக்கு வந்து ஓராண்டுக்குள், 1944 ஜனவரி 11 அன்று, அந்த மக்கள் தங்கள் விடுதலை அறிக்கையை வெளியிட்டார்கள். 1956இல் விடுதலை பெற்றார்கள். 1940 செப்டம்பரிலேயே, நாஜிகளுக்கு எதிராகப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தலைவர் டி கோல் பக்கம் சேர்ந்த பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் எங்கள் பக்கத்துப் புதுச்சேரியும் ஒன்று என்பதால், அடுத்தவர் மண்ணில் ஒலித்த அந்தப் பாட்டை நாங்கள் இரண்டு மனதோடுதான் கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைக்கு வருகிறோம். உங்களிடம் ஏற்கெனவே இந்தப் படத்துக்கான இடம் இருக்கிறது. 2006இல் மனத்துக்குத் தெம்பூட்டும் நூறு படங்களை வரிசைப்படுத்தியபோது இதை 32ஆம் இடத்தில் வைத்தீர்கள். அடுத்தமுறை வாக்குச்சீட்டு அனுப்பும்போது அதை அங்கே மேலே ஏற்றுவதைப் பரிசீலியுங்கள். காதல் பட்டியலுக்கு வாக்களிப்பவர்களிடம் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: கடைசி முடிவை யார் எடுக்கிறார், மற்றவருக்கு அது எப்போது தெரிகிறது? இரண்டு வரியில் பதில் எழுதினால் போதும். நினைவில் இருக்கும் பாட்டுக்கு வாக்களிக்கிறோமா, திரையில் இருக்கும் காதலுக்கா என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கேட்கிறோம், இது எளிது. படத்தைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்பில் ரிக், இல்சாவோடு அந்த அகதி நடிகர்களின் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். மடலீன் லபோ 2016 மே மாதம் காலமானார். பெயர் திரையில் வந்தவர்களில் கடைசியாக இருந்தவர் அவர். டாலியோவுக்கு அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை. 1939இல் பிரான்ஸில் முதன்மை வேடத்தில் நடித்தவர், இங்கே சூதாட்ட மேசை எமில். ‘மார்செய்யேஸ்’ முடிந்து கடையை மூடச் சொல்லும் ரெனோவிடம், இதோ நீங்கள் ஜெயித்த பணம் என்று நோட்டுக்கட்டை நீட்டுகிறாரே, அவர்தான். அவர் பெயரைப் படத்தின் எழுத்துகளில் தேடினால் கிடைக்காது. உங்கள் குறிப்பில் கிடைக்கட்டும்.

அன்புடன்,
பழைய படங்களைக் காட்சி காட்சியாகப் பார்த்துப் பேசும் தமிழ் ரசிகர்கள் சிலர்